சோதனை பந்தியில் நடக்கிறது

லெந்து நாட்களுக்கென்று எழுதப்பட்ட அந்தக் கட்டுரையை நண்பர்கள் சிலர் எனக்கு அனுப்பிவைத்தார்கள்; பாதிப்பேர் பரவசத்தோடு, மீதிப்பேர் பல்லைக் கடித்துக்கொண்டு. வேதத்தின்படி வாழ்வதற்கு வழி தன்னைத்தானே சோதித்தறிவது, சோதித்தறிவதற்கு இடம் தாழிட்ட தனியறை, அந்த அறையின் கதவை வெளியிலிருந்து தட்டுகிறவன் சபைக்குள் அரசியலைக் கொண்டுவருகிறவன் என்பதே கட்டுரையின் சாரம். முதலாவதில் எனக்குச் சண்டை இல்லை. இரண்டாவதில் பாதிச் சம்மதம். மூன்றாவதைச் சொல்வதற்காகத்தான் முதல் இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைக் கண்டுபிடிக்க வாசகருக்கு இறையியல் பட்டம் தேவையில்லை, பக்கத்தைத் திருப்பினால் போதும். ஜெபம், உபவாசம், கண்ணீர் என்று மெல்ல நடந்துவந்த நடை, சாதி என்கிற சொல்லைக் கண்டதும் ஓட்டம் பிடிக்கிறது.

எழுதியவர் படித்தவர். படிக்காதவர் தவறினால் ஒரு வரியில் திருத்திவிடலாம். படித்தவர் அடிக்குறிப்போடு தவறுவார், அதனால் பதிலும் நீள்கிறது. அவர் பெயரை நான் எழுதப்போவதில்லை. நம் பாஸ்டரேட் கமிட்டிகளிலும் கன்வென்ஷன் மேடைகளிலும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டுவரும் ஒரு சௌகரியத்தைத்தான் அவர் சுத்தத் தமிழில் எழுதியிருக்கிறார். அதற்கு ஒருவர் மட்டும் பொறுப்பாளி என்று சொன்னால் மற்றவர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

அவருடைய முதல் ஆதாரம், கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 11-ஆம் அதிகாரம், 28-ஆம் வசனம். கர்த்தருடைய பந்திக்கு வருகிறவன் முதலில் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று பவுல் அங்கே சொல்கிறார். 'தன்னை என்றுதானே இருக்கிறது, பிறரைப் பற்றி அங்கே பேச்சே இல்லையே' என்று கட்டுரையாளர் வெற்றிப் புன்னகையோடு கேட்கிறார். பேச்சே இல்லையா? 17-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கிற பொறுமை அவருக்கு இல்லாமற் போனதா, அல்லது வாசித்துவிட்டு வாசகர் வாசிக்கமாட்டார் என்று நம்பினாரா? கொரிந்து சபை கூடிவந்தபோது வசதியுள்ளவர்கள் தாங்கள் கொண்டுவந்ததை முந்திக்கொண்டு தின்று, குடித்து வெறித்திருந்தார்கள். இல்லாதவர்கள் பசியோடு நின்றார்கள். பவுலின் கோபம் முழுவதும் அந்தக் காட்சியின்மேல். கொரிந்தியரின் ஜெபநேரம் குறைந்துபோயிற்று என்றோ அவர்கள் கண்களில் ஈரம் இல்லை என்றோ அவர் ஓர் இடத்திலும் குறைப்படவில்லை. ஒன்றுமில்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்கள் என்று குறைப்படுகிறார். கெர்ட் தைசென் 1970-களில் கொரிந்து சபையின் ஏழை, பணக்கார அடுக்குகளை ஆராய்ந்து எழுதிய பிறகு இந்த அதிகாரத்தைத் தனிமனித பக்திப் பாடமாக வாசிப்பது இறையியல் வகுப்பறைகளில் எளிதாக இல்லை. கட்டுரையாளருக்கு அது தெரியாது என்று சொன்னால் அவரை அவமதித்தவன் ஆவேன். தெரியும் என்று சொன்னால் இன்னும் பெரிய அவமதிப்பு. எதை வைத்துக்கொள்வது என்பதை அவரே தேர்ந்துகொள்ளட்டும்.

சரீரத்தை நிதானித்து அறிவது என்று அதே பகுதியில் வருகிறதே, அது அப்பத்தில் உள்ள சரீரமா, சபையாகிய சரீரமா என்று உரைகாரர்கள் நெடுங்காலமாகத் தர்க்கித்துவருகிறார்கள். அடுத்த அதிகாரமே சபையைக் கையும் காலும் கண்ணும் உள்ள ஒரே சரீரமாக வருணிப்பதால் இரண்டையும் கத்தரித்துப் பிரிப்பது கடினம். போகட்டும், அந்தத் தர்க்கத்தை விட்டுவிடுவோம். பவுல் கடைசியில் எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைப் பார்த்தாலே நோய் இன்னதென்று தெரிந்துவிடும். 33-ஆம் வசனத்தில் அவர் சொல்லும் பரிகாரம், சாப்பிடக் கூடிவரும்போது ஒருவருக்காக ஒருவர் காத்திருப்பது. தனியறையில் ஒருவன் எவருக்காகக் காத்திருப்பான்?

இதே பவுல் அந்தியோகியாவில் என்ன செய்தார் என்பதைக் கலாத்தியர் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. புறஜாதியாரோடு சகஜமாய்ப் பந்தியிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்திறங்கியதும் பயந்து விலகிக்கொண்டார். பந்தியிலிருந்து எழுந்துபோன அந்த ஒரு காரியத்துக்காக, அப்போஸ்தலர்களில் மூத்தவரைப் பவுல் எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு நேரே கண்டித்தார். 'கேபாவே, தனியறைக்குப் போய் உம்மைச் சோதித்துக்கொள்ளும், நான் வெளியே நிற்கிறேன்' என்று மரியாதையாக ஒதுங்கியிருக்கலாமே? நம் கட்டுரையாளர் அன்றைக்கு அந்தியோகியாவில் இருந்திருந்தால், பந்திக்குள் அரசியலைக் கொண்டுவந்தவன் என்று பவுலின்மேல் எருசலேமுக்கு ஒரு மனு போயிருக்கும்.

அவர் கையில் உருப்படியான சீட்டு ஒன்று இருக்கிறது, அதை மறைப்பது நேர்மையாகாது. அதே நிருபத்தின் நான்காம் அதிகாரத்தில், மனுஷருடைய தீர்ப்பை நான் பொருட்படுத்துவதில்லை, என்னை நானே நியாயந்தீர்ப்பதுமில்லை என்ற பொருளில் பவுல் பேசுகிறார். இதைச் சுட்டி, மனசாட்சிக்கு மேல் வேறு மனித மன்றம் கிடையாது என்கிறார் கட்டுரையாளர். ஐயா, ஒரு வசனம் தள்ளி வாசியுங்கள். என் மனசாட்சியில் குற்றம் ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் அதனால் நான் நீதிமான் ஆகிவிடவில்லை என்றல்லவா தொடர்கிறார்? ஊரார் தீர்ப்பு கடைசித் தீர்ப்பு இல்லையென்றால், என் மனசாட்சியின் தீர்ப்பும் கடைசித் தீர்ப்பு இல்லை என்பதுதான் அங்கே சொல்லப்படுவது. கட்டுரையாளர் மகுடம் சூட்டி அமர்த்திய அந்தத் தனியறை நீதிபதியைத்தான் பவுல் நாற்காலியை விட்டு இறக்குகிறார். எரேமியாவும் இருதயத்தைத் திருக்குள்ளது என்று எச்சரித்தார். அப்பேர்ப்பட்ட இருதயத்தையே விசாரணை அதிகாரியாகவும் சாட்சியாகவும் குற்றவாளியாகவும் ஒரே சமயத்தில் நியமித்துவிட்டு, விடுதலைத் தீர்ப்பு வந்ததும் ஸ்தோத்திரம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நியாயந்தீர்க்காதிருங்கள் என்ற மலைப்பிரசங்கத்து வார்த்தையை அவர் மூன்று இடங்களில் எடுத்தாள்கிறார். அந்தப் பகுதி உத்திரத்தை எடுத்துப்போட்ட பிறகு சகோதரன் கண்ணிலுள்ள துரும்பை எடுக்கத் தெளிவாகப் பார்க்கலாம் என்று முடிகிறது. துரும்பை எடுக்காதே என்று முடியவில்லை. பிறர் குற்றத்தைப் பார்க்கிற கண்ணால் தன் குற்றத்தையும் பார்க்கச் சொன்ன வள்ளுவரும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லவில்லை. இதற்குமேல் இங்கே நிற்க அவசியமில்லை.

அடுத்தது லுத்தர். இங்கேதான் கட்டுரை தன் காலில் தானே விழுகிறது. ஓயாமல் தன்னைத் துருவிக்கொண்டிருப்பது துறவிகளின் நோய், மார்ட்டின் லுத்தர் அதிலிருந்து நம்மை விடுவித்தார் என்று ஒரு பத்தி. அடுத்த பத்தியிலேயே, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தார் தரங்கம்பாடிக்கு ஏற்றுமதி செய்த அந்நியச் சரக்கு இந்த ஆத்தும சோதனை என்று ஒரு சாடல். ஹாலேயிலிருந்து வந்த சீகன்பால்க் 1706-ல் தரங்கம்பாடியில் இறங்கியபோது அவர் பெட்டியில் இருந்தது லுத்தரின் ஞானோபதேசம்தானே? விடுதலை லுத்தரிடமிருந்து வந்தால் சுதேசி, விசாரணை லுத்தரின் சீடர்களிடமிருந்து வந்தால் விதேசியா? அதிலும், ஆத்தும சோதனையே அந்நியச் சரக்கு என்றால் ஆத்தும சோதனையைத் தனியறையில் செய்யுங்கள் என்று அவர் ஏன் பல பக்கம் உபதேசித்தார்? சரக்கு வேண்டாம், தனியறை மட்டும் வேண்டும் போலிருக்கிறது.

எர்ஃபர்ட் மடத்தில் இளம் லுத்தர் தன் பாவங்களை எண்ணி எண்ணி நைந்துபோனதும், அவருக்கு ஆலோசகராயிருந்த ஸ்டவ்பிட்ஸ் அவர் பார்வையை அவரிடமிருந்து திருப்பிக் கிறிஸ்துவின்மேல் வைக்கச் சொன்னதும் உண்மை. ஆனால் அந்த நெருக்கடியிலிருந்து வெளியே வந்த லுத்தர் என்ன எழுதினார்? 1517-ல் அவர் வெளியிட்ட தொண்ணூற்றைந்து கூற்றுகளில் முதலாவதே, விசுவாசியின் வாழ்நாள் முழுவதும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்பது. 1529-ல் வெளிவந்த சிறிய ஞானோபதேசத்தோடு 1531-ல் சேர்ந்த பாவ அறிக்கை முறையைப் புரட்டிப் பாருங்கள். எந்தப் பாவங்களை அறிக்கையிடுவது என்ற கேள்விக்கு அவர் தரும் விடை, பத்துக் கற்பனைகளின் வெளிச்சத்தில் உன் நிலையைப் பார் என்பதாகும். நீ தகப்பனா, தாயா, மகனா, எஜமானா, வேலைக்காரனா. அந்த நிலையில் எவருக்காவது தீங்கு செய்தாயா என்று விசாரிக்கிறது அந்த முறை. உன் உள்ளம் எப்படிச் சிலிர்த்தது என்ற விசாரணை அதில் இல்லை. வேலைக்காரன் இல்லாமல் எஜமானைச் சோதிக்க முடியாது. லுத்தர் நம்மை விடுவித்தது பாவங்களை எண்ணுகிற வேலையிலிருந்து. பிறனை எண்ணுகிற வேலையிலிருந்து இல்லை.

இனி, கட்டுரையின் மணிமகுடம். உண்மையான சுயபரிசோதனைக்கு முன்மாதிரியாக அவர் ஜான் நியூட்டனை நிறுத்துகிறார். கப்பலில் கண்ணீர் விட்டு மனந்திரும்பியவர், நாட்குறிப்பில் தன் ஆத்துமத்தை வரிவரியாகக் கிழித்தவர், எவரும் கேள்வி கேட்காமலே தன்னைத் தேவசமூகத்தில் நிறுத்தியவர் என்றெல்லாம் புகழ்மாலை. இதைவிட வாகான உதாரணத்தை என் தரப்புக்கு நானே தேடியிருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். நியூட்டன் புயலில் சிக்கித் தேவனை நோக்கிக் கூப்பிட்டது 1748-ல். அதற்குப் பிறகு, கவனியுங்கள், அதற்குப் பிறகு, 1750-லிருந்து 1754 வரை அவர் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து மனிதர்களை விலைக்கு வாங்கிக் கடல் கடத்திய அடிமைக் கப்பல்களின் கேப்டன். மேல்தளத்தில் மாலுமிகளை வைத்து ஆராதனை நடத்துவார், வேதம் வாசிப்பார், தன்னைச் சோதிப்பார். கீழ்த்தளத்தில் சங்கிலியில் மனிதர்கள். 1754-ல் கடல் தொழிலை விட்டதும் உடல்நலக் குறைவால். மனசாட்சி அவரைத் தடுக்கவில்லை. அடிமை வணிகத்தைக் கண்டித்து அவர் பகிரங்கமாக எழுதியது 1788-ல். இடையில் முப்பத்துநான்கு ஆண்டுகள்! 1764-ல் குருப்பட்டம் பெற்றார், தன் மனமாற்ற வரலாற்றைப் புத்தகமாக எழுதினார், புகழ்பெற்ற பாட்டை இயற்றினார். அத்தனை ஆண்டுத் தனியறைச் சோதனையில், நாட்குறிப்புகளில், கண்ணீரில், கீழ்த்தளம் அவர் கண்ணில் படவே இல்லை. 1787-ல் லண்டனில் அடிமை வணிக ஒழிப்புக் குழு அமைந்து, ஊரே கேள்வி கேட்கத் தொடங்கிய மறுவருஷம் அந்தக் கிழவர் பேனாவை எடுத்தார். எடுத்தபோது வெட்கத்தோடு எடுத்தார், அந்த மட்டில் அவர் நம்மவர்கள் பலரைவிட நேர்மையானவர். அவர் கதவைத் தட்டியவர்கள் 'சபைக்குள் அரசியலைக் கொண்டுவருகிறவர்கள்'தான். முன்மாதிரியைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டுரையாளர் அவருடைய வாழ்க்கை வரலாற்றைப் படித்தாரா, பாட்டை மட்டும் கேட்டாரா?

நியூட்டன் ஒரு விதிவிலக்கு என்று சமாளிக்கவும் வழியில்லை. தன்னைத் திருத்திக்கொள்ள எழுபது தீர்மானங்களை வாலிபத்திலேயே எழுதிவைத்து வாரந்தோறும் வாசித்துக்கொண்ட ஜோனத்தன் எட்வர்ட்ஸ், 1731-ல் நியூபோர்ட் துறைமுகத்துக்குப் போய் ஓர் அடிமைச் சிறுமியை விலைக்கு வாங்கினார். ஆக்ஸ்போர்டில் வெஸ்லியின் பரிசுத்தக் குழுவில் தன்னைத் தினமும் துருவிப் பழகிய ஜார்ஜ் ஒயிட்பீல்ட், ஜார்ஜியாவில் அடிமை முறையைச் சட்டமாக்க வாதாடினார். இவர்கள் கபடதாரிகள் என்று நான் சொல்லவில்லை. கபடதாரிகளாக இருந்திருந்தால் என் வாதம் பலவீனமாகிவிடும். இவர்கள் மெய்யாகவே தங்களைச் சோதித்தார்கள், மெய்யாகவே அழுதார்கள். சோதித்த அறைக்குள் வேறு ஒருவரும் இல்லாததால் அந்த வேறொருவருக்கு இழைத்த பாவம் மட்டும் பட்டியலில் ஏறவில்லை.

ஏறும்படி செய்தவர்களும் உண்டு. குவேக்கர்கள் தங்கள் கூட்டங்களில் சில கேள்விகளை உரக்க வாசித்து, சபையாகவே தங்களைச் சோதிக்கிற வழக்கம் உள்ளவர்கள். நியூஜெர்ஸியைச் சேர்ந்த ஜான் உல்மன் என்ற தையல்காரர் அடிமை விற்பனைப் பத்திரம் எழுதிக்கொடுத்த ஒரு நாளின் உறுத்தலை விடாமல் பிடித்துக்கொண்டார். அடிமைகள் வேலைசெய்யும் வீட்டில் தங்க நேர்ந்தால் அவர்கள் உழைப்புக்குக் கூலி கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவார். 1758-ல் பிலடெல்பியா ஆண்டுக் கூட்டம் அவரையும் வேறு சிலரையும் அடிமை வைத்திருக்கும் சபையார் வீடுகளுக்கே போய்ப் பேச நியமித்தது. வீடு வீடாகப் போனார்கள். கதவைத் தட்டினார்கள். 1776-ல் அந்தக் கூட்டம் அடிமை வைத்திருப்பவருக்குச் சபையில் இடமில்லை என்றே முடிவெடுத்தது. கட்டுரையாளர் பாஷையில் இது அத்துமீறல். எனக்குத் தெரிந்த பாஷையில் இதற்குப் பெயர், நற்கருணைக்கு முந்தைய ஆயத்த ஆராதனை.

இப்போது அந்த ஓட்டம் பிடித்த பத்திக்கு வருவோம். சாதி சமூக வழக்கம், ஆவிக்குரிய காரியம் அன்று. வேதம் தரும் பாவப் பட்டியல் எதிலும் அது இல்லை. தஞ்சைச் சபையை வளர்த்த சுவார்ட்ஸ் ஐயரே பொறுமையாக விட்டுவிட்டார். நமக்கென்ன அவரைவிட அதிகப் பரிசுத்தம்? இதுதான் அந்தப் பத்தி. பட்டியலில் இல்லை என்ற வாதத்தைக் கேட்டு யாக்கோபு சிரித்திருப்பார். அவர் நிருபத்தின் இரண்டாம் அதிகாரம், பொன் மோதிரமும் மினுக்கான உடையுமாய் வருகிறவனுக்கு நல்ல இடத்தையும் கந்தையோடு வருகிறவனுக்கு நிற்கவோ காலடியில் உட்காரவோ இடத்தையும் காட்டுகிற சபையைப் பற்றியதுதான். ஆலயத்தில் யார் எங்கே உட்காருவது என்பதை அப்போஸ்தலர் ஆவிக்குரிய காரியமாக எடுத்துக்கொண்டால், நாம் ஏன் அதைத் தச்சு வேலையாக எடுத்துக்கொள்கிறோம்?

சுவார்ட்ஸ் 1750-ல் வந்து 1798-ல் தஞ்சையில் கண்மூடும்வரை சாதி வழக்கங்களைச் சகித்தார் என்பது சரிதான். நாளாவட்டத்தில் கரைந்துபோகும் என்ற நம்பிக்கையில் சகித்தார் என்றே அவருக்கு நன்மையாக வைத்துக்கொள்வோம். கரைந்ததா? அவர் இறந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1833 ஜூலையில், கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைகளுக்குச் சுற்றறிக்கை எழுத வேண்டியிருந்தது. எதைப் பற்றி? ஆலயத்தில் தனித்தனி இடங்களைப் பற்றி, நற்கருணைக்கு யார் முன்னே யார் பின்னே என்பதைப் பற்றி. கொரிந்தியர் 11-ஆம் அதிகாரம் தமிழில் நடந்துகொண்டிருந்தது. அப்பம் வாங்கியவர்கள் எல்லாரும் 28-ஆம் வசனத்தையும் கேட்டுவிட்டுத்தான் வாங்கினார்கள். சுற்றறிக்கை வந்ததும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் கூட்டமாக வெளியேறினார்கள். பின்னாளில் சாதி விஷயத்தில் நெளிவு சுளிவுள்ள லைப்சிக் மிஷனுக்குப் போய்ச் சேர்ந்தவர்களும் உண்டு. வில்சன் அணுகிய முறையிலும் எனக்குக் குறை உண்டு. கல்கத்தாவில் உட்கார்ந்து கட்டளை போட்டால் மனசாட்சி விழித்துவிடும் என்று நினைத்தது ஆட்சியாளர்களின் புத்தி. தஞ்சையில் புதிய மிஷனரிகளுடைய சீர்திருத்தங்களை முன்பே எதிர்த்து எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரின் குரலில் பழமை மட்டும் இல்லை, நேற்று வந்தவன் நம்மை மேய்ப்பதா என்ற மான உணர்ச்சியும் இருந்தது. அந்த மான உணர்ச்சியை நான் மதிக்கிறேன். ஆனால் கிண்ணத்துக்குப் பின்வரிசையில் நின்றவனுக்கும் ஒரு மானம் இருந்ததே, அதைப் பற்றிய ஒரு வாக்கியம் நம் கட்டுரையாளரின் சரித்திரப் பகுதியில் எங்கே? சுவார்ட்ஸின் பொறுமையைப் பற்றி ஒரு பத்தி எழுதியவர், எவன் தலையில் அந்தப் பொறுமை செலவழிக்கப்பட்டது என்று கேட்டாரா?

புராட்டஸ்டண்டுகளை மட்டும் சொல்கிறேன் என்று எவரும் நிம்மதி அடைய வேண்டாம். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் கத்தோலிக்கத் திருக்குடும்ப ஆலயம் இரண்டு கூடங்களாகக் கட்டப்பட்டு, வெள்ளாளருக்கும் நாடாருக்கும் இடையே சுவர் நின்றது. 1910-ல் இடிக்கப்பட்டபோது வழக்கு நீதிமன்றம் ஏறியது. அந்தச் சுவருக்கு இரண்டு பக்கமும் இருந்தவர்கள் தங்களைச் சோதிக்காதவர்களா? அவர்களிடம் அதற்கென்றே பாவசங்கீர்த்தனத் தொட்டி இருந்தது, கேட்பதற்குச் சாமியார் இருந்தார். இக்னேஷியஸ் லயோலா நாளுக்கு இருமுறை ஆத்தும சோதனை செய்யக் கற்றுக்கொடுத்த சேசு சபையாரே அந்த வட்டாரத்துக்குக் குருக்கள். இருந்தும் சுவர் நின்றது. காரணம் ஒன்றும் மர்மமில்லை. கோபம், பொய், இச்சை எல்லாம் ஒருவன் தனியாகச் செய்கிற பாவங்கள், தனியாகச் சோதித்தால் அகப்படும். சுவரை ஒருவன் தனியாகக் கட்டவில்லை; ஆகவே எவனுடைய தனிக் கணக்கிலும் அது வராது. தனியறைச் சோதனை மட்டும் போதும் என்று சொல்கிறவர்கள் அந்த வகைப் பாவங்களுக்கு நிரந்தர வரிவிலக்குக் கேட்கிறார்கள். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-ல் தலித் மக்கள் பற்றிய தன் கொள்கை அறிக்கையில் சாதிப் பாகுபாட்டைப் பாவம் என்றே எழுதியது. பட்டியலில் இல்லை என்று சொன்ன நம் கட்டுரையாளர், பட்டியலின் பழைய பதிப்பை வைத்திருக்கிறார்.

சமூக வழக்கம் ஆவிக்குரிய காரியம் அன்று என்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாளிதழ்களின் மணமகள் தேவைப் பக்கத்தைப் படிப்பதில்லையா? மறுபடியும் பிறந்த, ஜெபிக்கிற, ஊழியத்தில் வாஞ்சையுள்ள பெண் வேண்டும் என்று மூன்று வரி. அவள் கிறிஸ்தவ இன்ன சாதியாக இருக்க வேண்டும் என்று நாலாவது வரி. ஆவிக்குரியதையும் சமூகத்தையும் ஒரே விளம்பரத்தில், ஒரே கட்டணத்தில் அடக்குகிறவர்கள், ஆயத்த ஆராதனைக்கு வந்ததும் இரண்டும் வேறு வேறு என்று பிரிப்பது விசித்திரமான விவேகம்.

இன்னொரு முரண்பாட்டை அவரே தட்டில் வைத்துத் தந்திருக்கிறார். கதவைத் தட்டாதே, தனியறை புனிதமானது என்ற கட்டுரையின் பின்பகுதியில், இளம்பெண்கள் உடுத்துகிற விதம் பற்றியும் வாலிபர் கையில் உள்ள செல்பேசி பற்றியும் சபை கண்டிப்போடு விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார். அப்படியா? பதினெட்டு வயதுப் பெண்ணின் துப்பட்டாவை விசாரிக்கக் கதவு அகலத் திறக்கிறது, அறுபது வயது மூப்பரின் குத்தகை நிலத்தை விசாரிக்க மட்டும் தாழ்ப்பாள் விழுகிறதா? இந்த அறைக்கு எந்தப் பக்கம் பூட்டு இருக்கிறது என்பது இப்போது வாசகருக்குப் புரிந்திருக்கும்.

டென்மார்க்கின் கீர்க்ககோர் 1851-ல் சுயபரிசோதனையைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். தேவவசனத்தைக் கண்ணாடிக்கு ஒப்பிட்ட யாக்கோபின் பகுதிதான் அதற்கு அடிப்படை. கண்ணாடியையே பார்த்துக்கொண்டிராமல் கண்ணாடியில் உன்னைப் பார் என்பது அவர் வாதம். அதன் சட்டம், பாதரசம், செய்தவன் பெயர் என்று ஆராய்ந்துகொண்டே தன் முகத்தைப் பார்க்காமல் தப்பிக்கிற பண்டிதர்களை அவர் அங்கே வறுத்தெடுக்கிறார். நாத்தான் தாவீதிடம் வந்த கதையையும் அந்த நூலில் கையாள்கிறார். கட்டுரையாளர் கீர்க்ககோரை மேற்கோள் காட்டுகிறார், நாத்தானை விட்டுவிட்டார். தற்செயல் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

ஏனென்றால் நாத்தான் வந்தால் கட்டுரை முடிந்துவிடும். தாவீதுக்குத் தனியறை இல்லாமலா இருந்தது? அரண்மனை முழுவதும் தனியறை. பத்சேபாளை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவைத்து, குழந்தை பிறக்கும்வரை மாதக்கணக்காக அவனுக்கு மௌனம் இருந்தது, வீணை இருந்தது. அவன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வந்ததா? ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பிடுங்கிய பணக்காரன் கதையை ஒருவர் வந்து சொன்னபோது, அந்த மனுஷன் சாக வேண்டும், நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று சீறினான். அந்த ஆள் நீதான் என்று விரல் நீண்ட பிறகே தன்னைக் கண்டான். அவனுடைய சுயபரிசோதனை தொடங்கியது வேறொருவர் அரண்மனைக்குள் கொண்டுவந்த வழக்கில். அதே நாலத்தனைக் கணக்கைத்தான் சகேயு தன் வீட்டுப் பந்தியில் எழுந்து நின்று சொன்னான்.

கட்டுரையின் முடிவில் லெந்து நாட்களுக்கென்று ஐந்து கேள்விகள் தரப்பட்டிருக்கின்றன: எவ்வளவு நேரம் ஜெபித்தேன், எத்தனை அதிகாரம் வாசித்தேன், எதை உபவாசித்தேன், தொலைக்காட்சியைக் குறைத்தேனா, தசமபாகம் சரியாகக் கொடுத்தேனா. ஐந்துக்கும் படுக்கையில் படுத்தபடியே விடை சொல்லிவிடலாம். ஐந்தில் ஒன்றிலாவது இன்னொரு மனிதன் இருக்கிறானா என்று நானும் தேடிப் பார்த்தேன். 1662-ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தில் நற்கருணைக்கு முன் வாசிக்கிற அறிவுரை ஒன்று உண்டு. அவர் போற்றுகிற மரபுதான். அது, பிறருக்குச் செய்த தீங்கு எதுவானாலும் சக்திக்கு முடிந்த மட்டும் ஈடுசெய்து ஒப்புரவாகாமல் பந்திக்கு வராதே என்கிறது. ஈடு என்பது பணமாகவும் இருக்கும், நிலமாகவும் இருக்கும், கல்லறைத் தோட்டத்தில் ஓர் இடமாகவும் இருக்கும். ஐந்து கேள்விகளோடு இந்த ஆறாவதைச் சேர்க்க அவருக்கு இடம் போதவில்லையா, தைரியம் போதவில்லையா?

பந்திக்கு முன் பத்து நிமிடம் மௌனமாயிருக்கச் சொல்கிறார். இருக்கலாம், மௌனம் நல்லதுதான். ஆனால் உன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று பலிபீடத்தருகே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் எழுந்து போ என்று மலைப்பிரசங்கத்தில் சொன்னவர், எங்கே போகச் சொன்னார், எந்தத் தெருவுக்குப் போகச் சொன்னார் என்பதைக் கட்டுரையாளர் அடுத்த இதழில் எழுதட்டும். சந்தா கட்டி வாசிக்கக் காத்திருக்கிறேன்.